நாற்பத்தாறு பக்கமும் என் கையெழுத்து

இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள் என்றுதானே கேட்டீர்கள், மேடம்? கேட்க வேண்டிய கேள்விதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் கேட்கிறார்கள். நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் "யோசிச்சுச் சொல்றோம்" என்கிறார்கள். இதுவரை ஐந்து வீடு பார்த்தாயிற்று. ஐந்து பேரும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முப்பதாம் தேதி நாங்கள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இன்றைக்குப் பத்தொன்பது. அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி சுலோச்சனா, "இங்கயாவது கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள். அவள் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நாம் பேசுவோம்.

என் பெயர் பூவராகன். மருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ரெப்பாக இருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போகிற வேலை. நாங்கள் இரண்டே பேர். பெண்ணைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். சத்தம் கிடையாது, விருந்தாளி கிடையாது. உங்கள் படிக்கட்டுச் சுவரில் ஒரு விரிசல் பார்த்தேன், அதைப் பிறகு பேசுவோம்.

எங்கள் கட்டிடத்துக்கு மலர்க்கொடி ஃபிளாட்ஸ் என்று பெயர். கே.கே. நகரில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல இன்னும் பதினொரு நாள் பாக்கி. எண்பத்து மூன்றில் கட்டியது, எட்டு வீடு. தரைத்தளத்தில் வலது பக்க வீட்டில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறோம். அதில் பதினான்கு வருஷம் நான்தான் சங்கச் செயலாளர்.

வாடகைக்கு இருப்பவன் எப்படிச் செயலாளர் ஆனான் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் கூட்டம் நடக்கும். "அடுத்த செக்ரெட்டரி யாரு?" என்று கேட்டதும் ஏழு உரிமையாளர்களும் செல்போனை எடுத்துப் பார்ப்பார்கள். எட்டாவது ஆளாக, எங்கள் வீட்டுக்காரர் சார்பில் நான் போயிருந்தேன். கேசரி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சங்கத்தையே கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒருமுறை இரண்டாவது மாடி கனகசபை, "டெனன்ட் எப்படிங்க செக்ரெட்டரியா இருக்கலாம்?" என்று கேட்டார். "அப்ப நீங்க இருங்க சார்" என்று மோட்டார் ரூம் சாவியை நீட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் கனகசபையின் குளியலறையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு காலை அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது கூரைப் பூச்சு ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து வாஷ்பேசினில் விழுந்தது. அரை மீசையோடு கீழே ஓடி வந்தார். "செக்ரெட்டரி, என்னன்னு கேளுங்க இதை!" யாரைப் போய்க் கேட்பது? மேலே ஏறிப் பார்த்தேன். கம்பியெல்லாம் துருவாக உதிர்ந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இனி ரிப்பேர் கிடையாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான்.

மூன்று பில்டர்களை வரவழைத்தேன். முதல் இரண்டு கம்பெனி ஆட்களும் என்னைப் பார்த்ததும், "ஓனர்ஸ் யார் யாரு?" என்று கேட்டார்கள். மூன்றாவது கம்பெனியிலிருந்து வந்த ஜெயச்சந்திரன் என் வீட்டு வாசலில் நின்று, "செக்ரெட்டரி சார் வீடு இதுதானே?" என்றான். யாரைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல ஏற்பாடு, மேடம். கீழே முழுவதும் கார் நிறுத்துமிடம். மேலே ஐந்து மாடி. ஆளுக்கொரு புது வீடு, பழையதைவிடப் பெரியது. மிச்ச வீடுகளைக் கம்பெனி விற்றுக்கொள்ளும். கட்டி முடிக்க இரண்டு வருஷம். லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டும் என்று சொன்னது நான். படிகளுக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும் என்று சொன்னது நான். எங்களுக்கு மூன்றாவது மாடி மூலை வீடு என்று வைத்திருந்தேன். ஜன்னலுக்கு நேராக வேப்பமரம் வரும். பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்பதுவரை ஸ்கேல் வைத்து அளந்து ஜெயச்சந்திரனிடம் காட்டினேன். "சூப்பர் சார்" என்றான். மரியாதை தெரிந்த பையன்.

எங்கள் வீட்டுக்காரர் நந்தகுமார் மெல்பர்னில் இருக்கிறான். அவன் அப்பா வேதாசலம் சார்தான் எங்களைக் குடி வைத்தவர். அவர் போய்ப் பத்து வருஷமாகிறது. நந்தகுமாருக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும், "அங்கிள், என்னால அடிக்கடி வர முடியாது. உங்க பேருக்கே பவர் குடுத்துடறேன். நீங்களே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றான். பாருங்கள், சொந்தச் சித்தப்பா குரோம்பேட்டையில் இருக்கிறார். அவருக்குக் கொடுக்கவில்லை. குடியிருப்பவனுக்குக் கொடுத்தான். எந்த வீட்டுக்காரர் இப்படிச் செய்வார்?

பவர் பத்திரம் கூரியரில் வந்த அன்று பாயசம் வைக்கச் சொன்னேன். சுலோச்சனா கரண்டியோடு வந்து, "அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்றாள்.

"என் பேர் எழுதியிருக்கு" என்றேன்.

அடுத்த வேலை ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைப்பது. டாக்டர் அறையில் எங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம், மேடம். அதற்குள் ஆளை எடைபோட வேண்டும். கனகசபையிடம் பேச்சே தேவைப்படவில்லை, பெயர்ந்த பூச்சில் ஒரு துண்டைக் கொண்டுபோய் அவர் டீப்பாயில் வைத்தேன். மூன்றாவது மாடி தாவூத் பாய், "நல்லா இருக்கிற வீட்டை எதுக்கு இடிக்கணும்?" என்றார். அவர் மனைவி, நாங்கள் பாஜி என்று கூப்பிடுகிறவர், மூட்டுவலியோடு படியேறும் நேரம் பார்த்து வாசலில் நின்று, "லிஃப்ட் வந்தா பாஜிக்கு இந்தக் கஷ்டம் இருக்காது" என்றேன். மறுநாள் அந்த அம்மாவே பாயைக் கூட்டிக்கொண்டு கீழே வந்து பேனா கேட்டார்கள். நாற்பது நாளில் என்னையும் சேர்த்து ஏழு வீடு சம்மதம்.

எட்டாவது வீடு முதல் மாடி எஸ்தர் டீச்சருடையது. எழுபத்தொரு வயது. கணக்கு டீச்சராக இருந்தவர். தனி ஆள். ஒப்பந்த வரைவு நாற்பத்தாறு பக்கம். நாங்கள் எல்லாரும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டோம். அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

போய் உட்கார்ந்து லிஃப்டைப் பற்றி எடுத்தேன். அவர் நடுவிலேயே நிறுத்தி, "பூவராகன், இடிச்சா நீங்க எங்க போவீங்க?" என்றார்.

"பக்கத்துல எங்கயாவது ரெண்டு வருஷம் இருந்துப்போம், டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பி வந்துடுவோம்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்?"

டாக்டர் வேறு விஷயம் பேச ஆரம்பித்தால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம். இவரும் அப்படித்தான். கட்டிடத்தைப் பற்றிப் பேசினால் என்னைப் பற்றிக் கேட்கிறார். சரி, நழுவுகிறார் என்று புரிந்துகொண்டேன்.

இரண்டாவது முறை போனபோது, "பன்னண்டாம் பக்கம் படிச்சீங்களா?" என்றார்.

"டீச்சர், அதெல்லாம் நான் சொல்லி எழுதினதுதான்."

"அதுல உங்க வீடு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ பூரா கார் பார்க்கிங் ஆகுது டீச்சர். அப்புறம் எங்க வீடு எப்படி அங்க இருக்கும்? நாங்க மூணாவது மாடிக்குப் போறோம்" என்று வரைபடத்தை விரித்துப் பொறுமையாக விளக்கினேன். கணக்கில் கெட்டிக்காரர்தான், ஆனால் வரைபடம் புரியவில்லை, பாவம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பார்களே, அப்படி. "நீங்களே ஒரு தடவ படிங்க" என்றார். மறுபடியும் அதே பேச்சு.

ஒன்பது மாதம், மேடம். ஏழு குடும்பத்தை ஒரு ஆள் ஒன்பது மாதம் தொங்கவிட்டார். நந்தகுமாரிடம் எழுதி வாங்குங்கள் என்பார். யாரிடம் போய் எழுதி வாங்குவது? ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்த பையனிடம் முத்திரைத்தாளை நீட்டச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னால் சுலோச்சனாவும், "டீச்சர் சொல்றத ஒரு தடவ காதுல வாங்குங்களேன்" என்பாள். நீயும் அந்தக் கட்சியா என்று கேட்டேன்.

அந்தச் சமயம் டீச்சர் வீட்டுக்குத் தண்ணீர் ஏறும் பைப் உடைந்தது. இடிக்கப் போகிற கட்டிடத்துக்கு எதற்கு ரிப்பேர் என்று பிளம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், "ஒருவரது பிடிவாதத்தால் அனைவருக்கும் சிரமம்" என்று போட்டேன். பெயர் போடவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மூன்று பேர் கை தட்டுகிற படம் போட்டார்கள்.

பதினெட்டு நாள் டீச்சருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. கீழே வந்து வாளியில் பிடித்துப்போவார். இரண்டாம் நாளிலிருந்து சுலோச்சனா தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். கடைக்குப் போகச் சொன்னால் முழங்கால் வலி என்பவள், இரண்டு வாளியோடு மாடி ஏறுவாள். ஏறினால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்குவாள்.

"அப்படி என்ன பேச்சு?" என்று கேட்பேன்.

"கணக்கு" என்பாள்.

கடைசியில் டீச்சர் வழிக்கு வந்தார். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஜெயச்சந்திரனிடம் சொன்னார். அவன் படித்துப் பார்த்து ஐந்தே நிமிஷத்தில் சரி என்றான். "செக்ரெட்டரி சார், நீங்களும் ஒரு தடவ பார்த்துடுங்க" என்று என்னிடம் நீட்டினான். "ஒன்பது மாசம் ஆச்சு, இன்னும் என்னத்தைப் பார்க்கிறது? தேதியைக் குறி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தான். இப்படி ஓர் ஆளை அவன் தொழிலில் பார்த்திருக்க மாட்டான்.

பதிவு அலுவலகத்தில் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மற்றவர்கள் அவரவர் வீட்டுக்கு அவரவர் கையெழுத்து. நான், மெல்பர்னில் இருக்கும் நந்தகுமாருக்காகப் பூவராகன். நாற்பத்தாறு பக்கத்திலும் என் கையெழுத்து. போட்டோ, கைரேகை, எல்லாம். வெளியே வந்ததும் தாவூத் பாய் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காது, பூவராகன் பாய்" என்றார். உண்மைதானே? எஸ்தர் டீச்சர் மட்டும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு வெளியே இருக்க உரிமையாளர்களுக்கு வாடகை கொடுப்பார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை. சரி, நந்தகுமார் பெயரில் இருக்கும் என்று பார்த்தேன். அவன் பெயரும் இல்லை. ஜெயச்சந்திரனுக்குப் போன் போட்டேன். "சார், உங்க ஓனரைக் கேட்டுக்கோங்க" என்றான். அதுவரை என்னிடம் ஓனர் என்ற வார்த்தையையே அவன் சொன்னதில்லை.

நந்தகுமாரைக் கூப்பிட்டேன். குழந்தை அழுகிற சத்தம். "அங்கிள், எங்களுக்குப் புது வீடு வேணாம்னுதானே முடிவு பண்ணோம். கம்பெனிக்கே குடுத்துட்டோமே. அக்ரிமென்ட்லயே இருக்கே, பன்னண்டாம் பக்கம்" என்றான். குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு, "நீங்கதானே அங்கிள் கையெழுத்துப் போட்டீங்க? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றான்.

அவனைத் தப்புச் சொல்ல மாட்டேன், மேடம். நல்ல பையன். என் உடம்பை விசாரித்தான். ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க அங்கிள் என்றான். சரிப்பா என்றேன். அவன் சொன்னது வாஸ்தவம்தானே? நான்தான் போட்டேன்.

எனக்கு வருத்தம் நந்தகுமார் மேல் இல்லை. டீச்சர் மேல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

போனை வைத்தபோது சுலோச்சனா நகலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதலில் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தாள். அதில் அவன் சொன்னபடியே இருந்தது. பிறகு முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பினாள், தேடாமலேயே. டீச்சர் சேர்க்கச் சொன்ன பத்தி. அவருக்கு வர வேண்டிய மூன்று படுக்கையறை வீட்டுக்குப் பதிலாக, முதல் மாடியில் அடுத்தடுத்து இரண்டு சின்ன வீடாகக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். ஒன்று அவருக்கு. இன்னொன்றில் பூவராகன், சுலோச்சனா தம்பதி, இப்போது கொடுக்கும் அதே வாடகைக்கு, தங்கள் காலம்வரை இருக்கலாமாம்.

எப்படி இருக்கும் எனக்கு? யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டிடத்தின் ஒவ்வொரு படியும் நான் சொன்ன அளவில் வரப்போகிறது. அதில் எனக்கு ஒற்றைப் படுக்கையறை. அதுவும் லிஃப்டை ஒட்டி. கதவு திறந்து மூடுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். வேப்பமரமும் தெரியாது. என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இதெல்லாம் தேவையில்லை, நந்தகுமார் பார்த்துக்கொள்வான் என்று. இந்த ஒரு பத்திக்காகவா ஒன்பது மாதம்?

அப்போது சுலோச்சனா ஒரு கேள்வி கேட்டாள். "மூணு ரூம் வீட்டை ரெண்டாக்கிட்டு பாதியை நமக்குக் குடுத்திருக்காங்க. நீங்க அவங்களுக்குக் குழாயைக்கூடச் சரி பண்ணிக் குடுக்கல. இதுல யாருக்கு யார் மேல கோவம் வரணும்?"

நகலை வாங்கி மூடி வைத்தேன். அவளுக்குக் கட்டிட விஷயம் தெரியாது.

அது ஆகிவிட்டது ஏழு வாரம். அதற்குப் பிறகு டீச்சரிடம் பேசவில்லை. நேற்றுக்கூட அவர் படியில் இறங்குவது தெரிந்தது, மோட்டார் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். அவராக வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான். நாங்கள் யார் தயவும் இல்லாமல் இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் வெளியே இருப்போம். அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். உங்கள் வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. காற்று வருகிறது. நீங்களும் மற்றவர்கள் மாதிரி யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், மேடம். பதினொரு நாள்தான் இருக்கிறது. இனி வேறு எங்கே போய்ப் பார்ப்பது என்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்?

கொடுத்தாயிற்றா? வீட்டையா? யாருக்கு?

எங்களுக்கேவா? எப்போது?

நேற்றா? நேற்று அவள் வடபழனி கோவிலுக்கல்லவா போனாள். பூ எல்லாம் வைத்துக்கொண்டு போனாளே. அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டாளா? அப்படியானால் என்னை ஏன் இவ்வளவு நேரம் பேசவிட்டீர்கள்? அவள்தான் சொன்னாளா, அவர் பேசி முடிக்கட்டும் என்று?

சரி. நல்லது. நல்லதுதான், மேடம். இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கீழ் போர்ஷனுமா? அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்களா? நாங்கள் இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு போர்ஷன்? அவளோடு யார் வந்தது நேற்று?

குள்ளமாக. மூக்குக்கண்ணாடி. உங்கள் வாடகை ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தாரா? திருத்தமும் போட்டாரா?

ஆமாம். அவர்தான்.

இப்போது கீழேதான் இருக்கிறாரா? ஜன்னல் அளவு எடுத்துக்கொண்டு. அதுதானே, சமையலறையில் சத்தமே இல்லையே என்று பார்த்தேன். இவளும் கீழே போய்விட்டாளா. என்னையும் கூப்பிடுகிறார்களா?

போகிறேன். போகத்தானே வேண்டும். ஒரு ஐந்து நிமிஷம் இங்கேயே உட்கார்ந்துகொள்ளட்டுமா, மேடம்? கீழே போய் அவரிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.